மேசைப் போரில் கணக்கில் வராதவர்கள்

பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டில், ஒரு சண்டை முடிந்ததும் விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பல சண்டைகளைத் தொடராக ஆடினால் அப்படியல்ல.

ஐரோப்பாவின் ஏழாண்டுப் போரை (1756–1763) நான் தொடராகவே நடத்துகிறேன். தேவை ஒரு வரைபடம், இரு தரப்பின் இரகசிய உத்தரவுகளையும் வாங்கும் நடுவர், இழப்புகளை எழுத ஒரு கொப்பி. 1759இல் குனர்ஸ்டோர்ஃபில் பிரஷ்யா சுமார் 19,000 பேரை இழந்தது. கொப்பியில் அந்த இழப்பு அடுத்த சண்டைக்கும் தொடரும்.

மா தீர்ந்தால் படை நகராது. பிரஷ்யா தான் பிடித்துவைத்திருந்த சாக்சனியிடம் பணமும் தானியமும் ஆட்களும் கறந்தது. நான் ஆடிய விதிகளில் அந்த ஊர்ச் சனங்களுக்குப் பொம்மையே இல்லை.

ஆகவே ஒவ்வொரு கிராமத்துக்கும் கொப்பியில் ஒரு வரி சேர்த்தேன்: மிச்சமுள்ள தானியம். படை ஒருமுறை கடந்தால் பாதி. பூச்சியமானால் ஊர் வெறுமை. வென்றவர் யாரென்று கேட்குமுன் அந்தப் பக்கத்தை வாசிக்கிறோம். நம் சனங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.