செட்டிநாட்டு மனைகளின் காப்பு: வளவும் பங்கும்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் வியந்து அமைவர். அம்மனைகள் எவ்வாறு பேணப்பட்டன, இன்று ஏன் நிலைகுலைகின்றன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முகப்பைக் கடந்தால் வளவு. நடுவே வானம் நோக்கிய முற்றம். அதன் மருங்குகளில் வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளியாக எண்ணப்பெற்றான். அவனுக்கென அறை உண்டு, உலையும் தனி. முகப்பும் முற்றமும் அனைவர்க்கும் பொது. திருமணம், அறுபதாண்டு நிறைவு, படைப்பு ஆகியவற்றைப் பிறந்த மனையிலேயே நிகழ்த்தும் வழக்கத்தால், திரைகடல் கடந்து வாழ்ந்தோரும் மீண்டு வந்தனர். அவர் வருமுன் ஓடு பிரித்து மேயப்பெற்றது. சுவர் வெள்ளை பெற்றது. எனவே சடங்கே செப்பனிடும் முறையாகவும் இருந்தது என்பது எம் துணிபு. கலை வரலாறு எழுதுவோர் இதனைப் போதிய அளவு கருதினாரல்லர்.

1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், 1948க்குப்பின் அங்கு நிலங்களும், 1962க்குப்பின் வங்கிகளும் தொழில்களும் நாட்டுடைமையானதும் வருவாயின் வேரை அறுத்தன. பங்கோ தலைமுறைதோறும் பெருகியது. ஒருவர் ஒப்பாவிடினும் மனை முழுவதையும் விற்றல் அரிது. அதனாற் பல மனைகள் பிழைத்தன. ஆனால் அதே காரணத்தால் பொதுக்கூரையைச் செப்பனிடும் பொறுப்பு ஒருவர்க்கும் உரியதாகவில்லை. ஓடு ஒன்று நழுவினால் மழைநீர் கைம்மரத்தில் இறங்கும். சில ஆண்டுகளில் உத்தரமும் உளுக்கும். காத்ததும் அழிப்பதும் ஒரே உரிமைதான்.

செப்பனிடுதலிலும் பிழை நேர்கின்றது. முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணச்சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன்மேற் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் பெயர்கின்றது. சிக்கனம் கருதிச் செய்யும் இவ்வேலை, ஒன்றும் செய்யாமையினும் தீது.

பங்காளிகள் உடன்பட்ட இடங்களிற் சில மனைகள் விடுதிகளாயின. உடன்பட்டு இடித்த இடங்களில், தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளை அடைந்தன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அது பெருமைக்குரியதே, எனினும், ஓட்டை மாற்றப் பங்காளிகளின் இசைவைப் பெற்றுத்தரும் ஆற்றல் அப்பட்டியலுக்கு இல்லை. ஆகவே கட்டட அளவைக்கு முன்னர், ஒவ்வொரு மனையின் பாகப்பிரிவினை ஏடுகளும் தொகுக்கப்பெறல் வேண்டும்.