முறையீடும் புலனாய்வும்: தீண்டாமைக்கு எதிரான சட்டங்களின் வரலாற்றில் ஒரு கூறு

தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்புக்குச் செயல்வடிவம் அளித்தது, 1955ஆம் ஆண்டின் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம். எச்செயல்கள் குற்றமாயின என்பதினும், முறையீட்டை யார் பெறுவது, யார் புலனாய்வது என்னும் வினாக்களே பின்வந்த சட்டங்களின் போக்கை விளக்குவன எனலாம்.

1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிக் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். ஆயினும் நீதிமன்ற அனுமதியுடன் இரு தரப்பினரும் சமரசம் செய்துகொள்ளவும் இடமிருந்தது. நிலமும் கூலியும் எதிர்த்தரப்பார் கையிலிருக்கும் ஊரில், சமரசம் என்பது பெரும்பாலும் முறையீட்டாளர் பின்வாங்குவதேயாகும். தமிழகத்தைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்த குழு, 1969இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சமரச வழியை அடைத்தது. புலனாய்வை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் அக்குற்றத்துக்கு உடந்தையாயிருந்தவராகவே கருதப்படுவார் என்றும் அது விதித்தது. குற்றம் செய்தவரோடு, குற்றத்தை விசாரிக்காதவரும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தார்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் வகுக்கப்பட்ட விதிகள் இன்னும் நுணுக்கமானவை. வாய்மொழியாகச் சொல்லப்படும் முறையீட்டை நிலைய அலுவலர் எழுத்தில் பதிந்து, படித்துக்காட்டி, கையொப்பம் பெற்று, கட்டணமின்றிப் படி ஒன்றைத் தரவேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அந்தப் படி வெறும் தாளன்று. முறையிட்டதற்கு முறையீட்டாளரிடம் எஞ்சும் முதற்சான்று அதுவே. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய வேண்டும் என்பது, உள்ளூர்ச் செல்வாக்கின் எல்லையிலிருந்து வழக்கை வெளியே எடுக்கும் முயற்சி. அதற்கென வகுத்த 30 நாள் கெடு, 2016இல் குற்றப்பத்திரிகை தாக்கலையும் உள்ளடக்கி 60 நாளாயிற்று.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பொய்வழக்கு அச்சத்தைக் காட்டி, வழக்குப் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. அவ்வாண்டே நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்து அதனை நீக்கியது. 2020இல் அப்பிரிவு செல்லும் என நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் கடமை தவறிய அரசு ஊழியர்மீது வழக்குப் பதிய, நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்னும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வரம்பு அப்படியே நீடிக்கிறது.