திருநெல்வேலிச் சபையின் ஆதித் தொண்டர்கள்

கிறிஸ்துவின் சீஷர் பன்னிருவருள் ஒருவரான தோமா, கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கிப் பின்னர் மயிலாப்பூரில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது தென்னாட்டுக் கிறிஸ்தவர்களின் தொன்றுதொட்ட ஐதிகம். ஆயினும், பாவூர்சத்திரம், சுரண்டை, நல்லூர் முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபை வேரூன்றிய சரித்திரம், ஒரு விதவைப் பெண்மணியோடு தொடங்குகிறது.

தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமண குலத்தவரும், லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படைத்தலைவரோடு வாழ்ந்து அவரிடம் வேதம் கற்றவருமான குளோரிந்தா, அவர் மறைந்த பின்னர் 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். இவரது முயற்சியால் எழுந்து 1785இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்குவர். பிலிப்பி பட்டணத்தில் பவுலின் போதனையை ஏற்றுத் தன் இல்லத்தைச் சபைக்குத் திறந்துவிட்ட லீதியாளுக்கு இணையான ஸ்தானம் இவருக்கு உரியது. 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டின்படி சபையார் 40 பேரே. அவர்களும் பல ஜாதியினர்.

அச்சிறு மந்தையைப் பேணிய உபதேசியார் சத்தியநாதன் 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். நாடார் குலத்திலிருந்து வந்த தாவீது சுந்தரானந்தம், புதிய மார்க்கத்தைத் தழுவியதால் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்டவர்களுக்குப் புகலிடமாக 1799இல் முதலூரை நிறுவினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர், இம்முறையையே பின்பற்றி, நிலம் வாங்கிக் கிராமங்கள் அமைப்பதற்கென 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். அதற்கு முன்பே, டோனா பிரபு அளித்த நன்கொடையால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூர் தோன்றிவிட்டது.

சரித்திர நூல்கள் ஐரோப்பிய ஐயர்மாரின் பிரயாணங்களை விரிவாகப் பேசுகின்றன. ஆனால், ஊரூராய் நடந்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, காலையும் மாலையும் ஜெபம் நடத்தி, வசையும் அடியும் பொறுத்து, கேட்டவர் நெஞ்சில் வேதத்தை அவர்தம் தாய்மொழியிலேயே பதித்த உபதேசிமாரே இச்சீமையின் அப்போஸ்தலர் எனப்படத் தக்கவர். அவர்களிற் பலருடைய பெயர்கூட நூல்களில் ஏறாதது பெருங்குறையே.

அவர்கள் விதைத்தது பிற்காலத்தில் இச்சீமையின் எல்லையையும் கடந்தது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினர். அச்சங்கத்தின் காரியதரிசியாகிய வெள்ளாளன்விளை வே. ச. அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.