சாரல் அடிக்கும் ஜன்னலில் என்ன செடி வைக்கலாம்?

குற்றால சீசனுக்குப் போய்த் திரும்பும்போது பழப்பையோடு ஒரு குட்டிச் செடியும் கூடவே வந்துவிடும். ரெண்டே வாரத்தில் அது வாடிப்போனால், ‘நமக்குக் கைராசி இல்லப்பா’ என்று விட்டுவிடுவோம். உண்மையில் பல செடிகள் சாவது நாம் பாசமாக ஊற்றும் தண்ணீரால்தான்!

தென்காசிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பார்த்த ஜன்னலில் மலைக்காற்றும் சாரலும் மாறி மாறி அடிக்கும். காற்றே ஈரமாக இருப்பதால் தொட்டி மண் லேசில் காயாது. அப்பவும் தினம் ஒரு டம்ளர் ஊற்றினால், வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். இலை மஞ்சளாகும். தண்ணி போதலைன்னு நினைத்து இன்னும் ஊற்றுவோம். அதோடு கதை முடிஞ்சது.

விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு லீவு. தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். காற்றுக்குச் சாயாத கனமான மண்தொட்டியே நல்லது.

முதல் செடி என்றால் ஸ்நேக் பிளான்ட், மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. அடுத்தது மணி பிளான்ட். அருவிப் பாறையில் பார்த்த பெரணி மேல் ஆசை வேண்டாம். காட்டிலிருந்து பிடுங்குவதே தப்பு. ஏப்ரல் மாத அறைக்காற்றில் அதன் நுனியும் கருகிவிடும். குட்டி குட்டி சக்குலென்ட்களைச் சாரல் படாத ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கு கொசுவுக்கு அது போதும். வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் இந்த ரெண்டு செடியும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மணி பிளான்ட் இலையை மென்றால் வாய் எரியும்.