எழுத்துரு மாறினால் எழுத்து என்னாகும்?

கிள்ளானில் ஒரு கோயிலோ, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கமோ அகப்பக்கம் அமைக்க முனைந்தால், எந்த மென்பொருள் என்ற கேள்வி எழும். தமிழுக்கோ அதற்கு முன்பே எழுத்துருச் சிக்கல் வந்துவிட்டது.

கோலாலம்பூரின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1990களில் அகப்பக்கங்கள் பலவும் தத்தம் எழுத்துருவில் வந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளே தெரிந்தன. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதும் இந்தக் கவலை தீரவில்லை.

2003இல் வேர்டுபிரஸ், 2005இல் ஜூம்லா வந்தன. நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டுரை ஏற்றலாம் என்றானது. ஆனால் ஜூம்லா யூனிகோடுக்கு மாறியது 2008இல்தான். பழைய எழுத்துருவில் ஏற்றிய கட்டுரைகளைக் குறியீடு மாற்றாமல் படிக்க முடியவில்லை.

ஆகவே, மென்பொருளின் அழகு பிறகு. இன்று ஏற்றுவதை நாளை முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.