உண்ணி வாங்கும் வரி

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இலங்கையில் 400 கிராம் பால்மாப் பொதியின் விலை ஒரே முறையில் 100 ரூபாவால் உயர்ந்தது. தேநீருக்குப் பால்மாவையே நம்பியிருந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இல்லங்கள் திகைத்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடே உடனடிக் காரணம். ஆயினும், புல்லும் நீரும் உள்ள ஒரு தீவு கடல்கடந்த பாலை நம்புவது ஏன் என்று ஆராய்வோர், தீவனம், விலை முதலியவற்றோடு மிகச் சிறிய ஓர் உயிரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மாட்டின் தோலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உண்ணியே அது.

உண்ணியின் தீங்கை உலகம் தெளிவாக அறிந்தது 1893இல் ஆகும். அதற்கு முன், அமெரிக்காவின் தென்மாநில மாடுகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டபோது அவை நலமாகவே இருந்தன. அவை நடந்த புல்வெளியில் மேய்ந்த வடபுல மாடுகளோ காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து மாண்டன. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ண் என்னும் அறிஞர் இருவர் இப்புதிரை விடுவித்தனர். நோய்க் கிருமியை உண்ணியே சுமந்து செல்கிறது என்று அவர்கள் நிறுவினர். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ரோஸ் கண்டது இதற்கு நான்கு ஆண்டுகள் பிந்தியேயாம். தென்மாநில மாடுகள் கன்றுப் பருவத்திலேயே நோயைத் தாங்கிப் பழகியமையால் பிழைத்தன.

இலங்கையின் நிலையும் இதனால் விளங்கும். நாட்டுப் பசு உண்ணியோடு வாழப் பழகியது. ஆனால் கறப்பதோ சிறிது. மிகுதியாகக் கறக்கும் ஐரோப்பியப் பசு, வளர்ந்தபின் இங்கு வந்தால் வெப்பத்துக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் எளிதில் இரையாகும். ஆகவே அவ்வினங்கள் பெரும்பாலும் நுவரெலியா, அம்பேவெல போன்ற குளிர்ந்த மலைப்புறங்களிலேயே நிலைத்தன. நாட்டின் பெரும்பாலான மாடுகள் மேயும் தாழ்நிலத்திலோ கறவை உயரவில்லை. இறந்த பசுவின் விலையை எவரும் கணக்கிடலாம். இரத்தம் குன்றிய பசு கறவாத பால், கருச்சிதைந்த கன்று, மருந்துச் செலவு, நல்லினம் வாங்க அஞ்சும் உழவனின் தயக்கம் ஆகியவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

அவுஸ்திரேலியாவும் இவ்வரியைச் செலுத்திய நாடே. 1872இல் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து டார்வினில் இறங்கிய மாடுகளோடு உண்ணியும் இறங்கியது. 1890களில் குவீன்ஸ்லாந்து மந்தைகள் பெருநாசமுற்றன. மருந்துகளை உண்ணி ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. ஈற்றில் அந்நாட்டார் 1950களில் பாகிஸ்தானிலிருந்து சாகிவால், சிந்தி மாடுகளை வரவழைத்து, ஜேர்சி இனத்தோடு கலந்து, உண்ணியைத் தாங்கும் கறவையினம் ஒன்றை உருவாக்கினர்.

நம் நாடுகளில் மதிப்பிழந்து நிற்கும் திமில் மாட்டின் தோலில் இருந்த செல்வத்தை அந்நியர் கண்டுகொண்டனர். அதனை நாமும் உணர்ந்து பேணுதல், பால்மாவுக்காகக் காத்துநிற்கும் இல்லங்களுக்கும் நன்மை பயக்கும்.