அறையில் ஆள் இருப்பதை அறியும் சென்சார்: நம்மைப் பார்க்கிறதா?

புதிய கட்டடங்களில் ஆள் நுழைந்தால் விளக்கு எரிகிறது, வெளியேறினால் ஏசி நிற்கிறது. வீண்விரயம் குறைவது மார்க்கத்திற்கு உகந்ததுதான். ஆனால் கூரையில் இருக்கும் அந்த வெள்ளைக் குமிழ் படம் பிடிக்கிறதா என்ற கேள்வி, பெண்கள் தொழும் பகுதியில் பொருத்தும்போது கட்டாயம் எழும்.

பெரும்பாலும் அது பி.ஐ.ஆர். சென்சார். உடல் வெப்பம் நகர்வதை மட்டும் உணரும். அதற்கு முகமும் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது. அசையாமல் அமர்ந்து ஓதினால் ஆளில்லை என்று விளக்கையே அணைத்துவிடும்! இன்னொரு வகை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது. வெளிக்காற்றில் இது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. மூடிய அறையில் ஆட்கள் மூச்சுவிட விட கூடும். அதை வைத்துக் கூட்டத்தை ஏறத்தாழ கணிக்கலாம், சில நிமிடம் தாமதமாக. 64 புள்ளிகளே கொண்ட வெப்ப சென்சாரில் மனிதர் ஒரு மங்கலான திட்டுதான். ரேடார் வகையில் மட்டும் கவனம் தேவை. மூச்சின் அசைவையும் பிடிக்கும், மெல்லிய பலகைத் தடுப்புக்கு அப்பாலும் உணரக்கூடும். கைப்பேசியின் வைஃபை அடையாளத்தைக் கொண்டு எண்ணும் முறையில் ஆளையே பின்தொடர முடியும்.

கேமரா இல்லையென்றால் போதுமா? 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் ஊழியர்களின் மேசைகளுக்கு அடியில், வெப்பத்தையும் அசைவையும் உணரும் பெட்டிகள் சொல்லாமல் பொருத்தப்பட்டன. மின்சிக்கனத்திற்காக என்றது நிர்வாகம். ஒரு மேசைக்கு ஒருவர்தானே. யார் எப்போது எழுந்தார் என்பது தெரிந்துவிடும். எதிர்ப்பு எழுந்ததும் அன்றே அகற்றினார்கள்.

பிறரைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் வழியே எட்டிப்பார்த்தவரை அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று உணர்த்தியதை ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிப்பதாக புகாரியில் காண்கிறோம். நம் பார்வையில், முகம் தெரியாத கருவியும் தனி ஒருவரின் இருக்கையில் சொல்லாமல் வைக்கப்பட்டால் அந்தத் துவாரம்தான்.

ஆகவே நிர்வாகிகள் முழு அறைக்குப் பொதுவாக பி.ஐ.ஆர். அல்லது காற்றை அளக்கும் வகையைத் தேர்வது நல்லது. உளூச் செய்யுமிடத்திலும் கழிவறையிலும் பி.ஐ.ஆர். தவிர வேறெதுவும் வேண்டாம். பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார் என்று பொருத்துபவரிடம் முதலிலேயே கேட்டு, பதிலை வாசலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.